நடுக் கைப்பிடி

செவ்வாயும் சனியும் எங்களுக்கு இயந்திரம்.
பதினாலாம் கட்டில் நான், பதினைந்து முதஸ்ஸிர்.
எனக்கு அறுபத்தெட்டு, அவனுக்கு இருபத்திரண்டு.
நாலு மணி நேரம் எங்கள் ரத்தம்
பக்கத்துப் பக்கத்துக் குழாயில் வெளியே போய்
சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரித் திரும்பும்.

காட்பாடி ஸ்டேஷனில் பார்சல் எழுதியவன் நான்,
அதனால் அவனுக்குப் பார்சல் சார்.
பேரணாம்பட்டு முதல் பஸ்ஸில் வருகிறவன் அவன்,
ஷூ கம்பெனியில் மூன்று வருஷம்
இடதுகால் மட்டும் தைத்தவன்.
வலதுகால் வேற லைன் சார், பார்த்ததே இல்ல.

உங்களைப் பற்றித்தான் படம் வந்திருக்கிறது
என்றாள் ஊசி குத்தும் புனிதா.
பன்னிரண்டாம் கட்டில் மால்டாக்காரருக்குத் தமிழ் தெரியாது,
போஸ்டரைக் காட்டி, எங்களைக் காட்டிச் சிரித்தார்.
போஸ்டரில் தாடி வைத்த கிழவரும்
விபூதிப் பையனும் ஒரே சைக்கிளில்.

புதன்கிழமை போனோம்.
உப்பில்லாத பாப்கார்ன் கேட்டான்.
கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.
கடைசியில் ஆளுக்கு இரண்டு ஐஸ்கட்டி
வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.
ஆற்றில் தண்ணியில்லை, கோட்டையில் ராஜா இல்லை
என்று இந்த ஊரைக் கேலி பேசுவார்கள்.
பாலாற்றுக்கு யார் எழுதிக் கொடுத்தார்களோ,
எங்களுக்கு டாக்டர்:
நாளுக்கு முக்கால் லிட்டர்.

இரண்டு சீட்டுக்கும் கைப்பிடி ஒன்று.
எனக்கு இடதுகை,
அவன் இடதுகைக்காரன் என்பதால் வலதுகை,
அறுத்து இணைத்த நரம்புகள் இரண்டும்
பக்கத்தில் படுத்திருந்தன.
தொட்டால் உள்ளே
தீப்பெட்டியில் அடைத்த வண்டு மாதிரி ஓர் இரைச்சல்.
இருட்டில் எந்த வண்டு யாருடையது
என்று பிடிபடவில்லை.

படத்தில் பாய் ரொம்ப நல்லவர்.
காலையில் பையனுக்குப் பேனா, மாலையில் கஞ்சி.
கோபம் வராது, கடன் கேட்க மாட்டார்,
என்னைப் போலச் சீட்டாட்டத்தில் ஏமாற்ற மாட்டார்.
இடைவேளை முடிந்ததும் ஊரில் கலவரம்.
பையனுக்கு வந்த கத்தியை
மார்பில் வாங்கிக்கொண்டார்.
வயலின்.
முன் வரிசை அம்மா விம்மினார்.
முதஸ்ஸிர் சிரித்தான்.

இன்னாடா?
பாய் சாவணும் சார். செத்தாதான் நல்ல பாய்.

எனக்கும் ஒரு பழைய பாக்கி இருந்தது.
கிழவனுந்தான்டா சாவணும். எந்தப் படத்துலயாவது
கடைசில கிழவன் பொழச்சிக்கினு
பஸ் ஏறிப் பார்த்துக்கிறியா?

ஐஸை நறுக்கென்று கடித்தான்.
அப்போ பாய் நானு, கிழவன் நீங்க.
ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கி
ஒரே கத்தில முடிச்சிட்டாங்க.
செலவு மிச்சம்.

அந்தப் பையன்?
அவனுக்கு கிட்னி நல்லா கீது சார், வுடுங்க.

மனுஷங்களா நீங்க, என்று திரும்பினார் அந்த அம்மா.
தலையைக் குனிந்துகொண்டோம்,
தோள் மட்டும் குலுங்கிற்று.
அழுகிறோம் என்று நினைத்திருப்பார்,
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

பெயர்கள் ஓடும்போது,
திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
அக்காவோடது சேரலையாம். நேத்து ரிசல்ட்டு.

வயசானவன் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது.
படத்துப் பாய் சொல்லியிருப்பார்,
மழைகூடப் பெய்திருக்கும்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
ஒலிப்பதிவு உதவியாளர், உணவு, வாகனம்
என்று எல்லாப் பெயரையும்
கடைசி வரை படித்தோம்.

வெளியே வேலூர் வெயில்
மலைப்பாறையெல்லாம் அடுப்புக்கல்.
ஒரு டீ வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றினேன்.
ஐம்பது மில்லி, என்று
போனில் குறித்துக்கொண்டான்.
எனக்கும் சேர்த்துக் குறித்தான்,
நாற்பது என்று. நான் பொய் சொல்லச் சொல்லவில்லை.

பேரணாம்பட்டு பஸ் நகரும்போது கத்தினேன்:
சனிக்கிழமை சீட்டுக்கட்டு எடுத்துனு வரேன்.

நீங்க வாணாம், என்றான் ஜன்னலிலிருந்து,
உங்க கட்டுல அஞ்சு ஆஸ் கீது.